நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் பணவீக்க இலக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் 5-ம் தேதி மத்திய அரசு அரசிதழில் ஒரு சின்ன அறிவிக்கை வெளியிட்டது. சாரம் என்று பார்த்தால் மூன்றே எண்கள். பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6, கீழ் எல்லை 2. 2021 மார்ச் 31 வரை இதுதான் கணக்கு. வீட்டுக் கடன் தவணை ஏறுவது, இறங்குவது, அப்பாவின் டெபாசிட்டுக்கு வங்கி தரும் வட்டி எல்லாம் அன்றிலிருந்து பெரும்பாலும் இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான் நடக்கின்றன.

இதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். ஏன் 4? ஏன் 3 இல்லை, 5 இல்லை, விலையே ஏறக் கூடாது என்று பூஜ்யம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? நானும் ரொம்ப நாள், எங்கோ ஒரு பெரிய சமன்பாடு இருக்கும், அதன் விடையாக 4 வந்து விழுந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அறிக்கைகளைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் போய்விட்டது. கணக்கு இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒரு வரம்பைத்தான் காட்டுகிறது. அந்த வரம்புக்குள் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்தவை வேறு விஷயங்கள். அதிலும், எந்த எண் என்பதைவிட அந்த எண் எந்தக் கூடையை, அதாவது எந்தெந்தப் பொருட்களின் விலைத் தொகுப்பை, அளக்கிறது என்பதுதான் பெரிய முடிவு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

டெபாசிட் போட்டவர் தோற்ற வருடங்கள்

2008 உலக நெருக்கடிக்குப் பிறகு அரசு செலவை ஏற்றியது, ரிசர்வ் வங்கி வட்டியை இறக்கியது, அப்புறம் திரும்ப ஏற்றும்போது தயங்கித் தயங்கி ஏற்றியது. 2012, 2013 இரண்டு வருடமும் நுகர்வோர் விலை ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தது. ஃபிக்சட் டெபாசிட்டுக்கு 9 சதவீதம் கிடைத்தால் நல்ல வட்டி என்று பேசிக்கொண்ட காலம் அது. 100 ரூபாயைப் பத்திரமாக வங்கியில் வைத்தவர் வருடக் கடைசியில் 109 ரூபாயோடு கடைக்குப் போனால், போன வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான் 110 ரூபாய். வருமான வரி வேறு. இதைப் புரிந்துகொள்ள யாரும் பொருளாதாரம் படிக்கத் தேவையில்லை, ஜனங்கள் நேராக நகைக்கடைக்குப் போனார்கள். தங்கம் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி என்பதால் டாலர் வெளியே போய்க்கொண்டே இருந்தது. 2012-13-ல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாட்டு வரவைவிடச் செலவு எவ்வளவு அதிகம் என்பது) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். இந்த நிலையில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ், பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கப்போவதாகக் கோடி காட்டியதும் ரூபாய் சரிந்து, 2013 ஆகஸ்ட் 28-ல் டாலருக்கு 68.8 வரை போனது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4-ல், ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்து உட்கார்ந்தார். அந்த நவம்பரில் நுகர்வோர் பணவீக்கம் 11 சதவீதத்தையும் தாண்டியது.

அதுவரை ரிசர்வ் வங்கிக்கு இலக்கே இல்லையா என்றால், எழுதி வைத்த இலக்கு இல்லை. 1998-லிருந்து பல குறியீடுகளையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்று இருந்தது. வளர்ச்சி, கடன், ரூபாய் மதிப்பு, விலைவாசி எல்லாவற்றையும் பார்ப்போம், சூழ்நிலைக்கு ஏற்ப முடிவெடுப்போம் என்ற முறை. நல்ல காலத்தில் அது நெகிழ்வாகத் தெரிந்தது. கெட்ட காலத்தில் எதற்குமே பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஆனது.

ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது: 4 என்ற எண் புதிது இல்லை. 1985-ல் சுகமோய் சக்கரவர்த்தி தலைமையிலான குழு, விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அப்போதே எழுதியிருந்தது. அது மொத்த விலைக் குறியீட்டில், இது நுகர்வோர் விலைக் குறியீட்டில். எண் ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் வேறு. இந்த வித்தியாசம்தான் முழுக் கதையும்.

முதலில் கூடை, அப்புறம் எண்

ராஜன் வந்த கையோடு, துணை ஆளுநராக இருந்த உர்ஜித் பட்டேல் தலைமையில் ஒரு குழு போட்டார். 2014 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதில் எல்லாரும் பேசியது 4 சதவீதத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய முடிவுதான் முக்கியமானது: மொத்த விலைக் குறியீட்டை விட்டுவிட்டு நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு மாறுவது. (இதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமான CPI-ஐத் தமிழில் எழுதினால் ஒரு கட்சியும் ஒரு புலனாய்வு அமைப்பும் குறுக்கே வந்து நிற்கும், அதனால் முழுப் பெயரையே எழுதிவிடுகிறேன்.)

மொத்த விலைக் குறியீட்டில் அப்போது சுமார் 65 சதவீத எடை, அதாவது கணக்கில் பங்கு, தொழிற்சாலைப் பொருட்களுக்கு. இரும்பு, நூல், ரசாயனம் மாதிரி. சேவைகளுக்கு அதில் இடமே இல்லை. பள்ளிக் கட்டணம், டாக்டர் ஃபீஸ், வீட்டு வாடகை, பஸ் டிக்கெட் எதுவும் அதில் வராது. உலகச் சந்தையில் உலோக விலை இறங்கினால் அந்தக் குறியீடு இறங்கிவிடும், உங்கள் வீட்டுச் செலவு இறங்காது. இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பது அடுத்த வருடமே தெரிந்தது. 2015 முழுக்க மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது, அதே நேரத்தில் நுகர்வோர் பணவீக்கம் 5 சதவீதத்தைச் சுற்றி இருந்தது. ஒரே நாடு, ஒரே மாதம், ஒரு கருவி காய்ச்சல் என்கிறது, இன்னொன்று உடம்பு ஜில்லிட்டுப் போச்சு என்கிறது. பழைய கருவியையே நம்பியிருந்தால் வட்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொழிலதிபர்கள் சிலர் அப்போது அதைத்தான் கேட்டார்கள், மொத்த விலை இறங்குகிறதே, வட்டியைக் குறையுங்கள் என்று.

சரி, நுகர்வோர் குறியீடு என்று முடிவாயிற்று. அதிலும் ஒரு சிக்கல். கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்த குறியீடு 2011 ஜனவரியிலிருந்துதான் வருகிறது. போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதால் பணவீக்கம் என்ற கணக்கு 2012 ஜனவரியில்தான் கிடைக்கும். அதாவது இந்தக் குழு உட்கார்ந்தபோது, நாட்டின் இலக்கு எந்தக் குறியீட்டில் வைக்கப்படப் போகிறதோ அந்தக் குறியீட்டுக்கு இரண்டு வருடக் கணக்குகூட முழுதாக இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்குத் தொழிலாளர்களுக்கான பழைய குறியீட்டை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். கையில் இருந்ததை வைத்துத்தான் சமைக்க முடியும்.

இன்னொரு பெரிய ஆட்சேபணை: அந்தக் கூடையில் உணவும் எரிபொருளும் சேர்ந்து 57 சதவீதத்துக்கு மேல். மழை பொய்த்தால் வெங்காயம் ஏறும், வளைகுடாவில் சண்டை வந்தால் டீசல் ஏறும், இதில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) என்ன செய்யும்? இவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் இலக்காக வைக்கலாமே? குழு இதை யோசித்துத்தான் வேண்டாம் என்றது. காரணம், ஜனங்கள் விலைவாசியை எதை வைத்து உணர்கிறார்களோ அதை வெளியே தள்ளிவிட்டு ஒரு எண்ணைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாத இலக்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

4 எப்படி வந்தது

இப்போது எண். குழு இரண்டு பக்கமிருந்தும் நெருங்கிப் பார்த்தது. மேலிருந்து பார்த்தால், பணவீக்கம் சுமார் 6 சதவீதத்தைத் தாண்டிய பிறகு வளர்ச்சியைக் கெடுக்கத் தொடங்குகிறது என்று கணக்கு காட்டியது. 6-ஐ ஒட்டி ஒரு வாசல்படி இருக்கிறது என்பது இந்தியப் பொருளாதார அறிஞர்களிடையே புதிய செய்தி இல்லை, முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் உள்பட பலர் அதைச் சுற்றியே பேசி வந்தார்கள். ஆக 6 கூரை. இன்னொரு கணக்கு: பொருளாதாரம் அதன் இயல்பான திறனில், சூடும் இல்லாமல் மந்தமும் இல்லாமல் ஓடும்போது பணவீக்கம் எவ்வளவு இருந்திருக்கிறது என்று பார்த்தால், விடை 4-ஐ ஒட்டி வந்தது.

கீழே எதுவரை போகலாம்? இங்கேதான் பூஜ்யம் ஏன் கூடாது என்ற கேள்விக்குப் பதில். முதலாவது, அளவுகோலே கொஞ்சம் அதிகமாகக் காட்டும். போன வருட செல்போனும் இந்த வருட செல்போனும் ஒரே விலை என்றால் உண்மையில் விலை இறங்கியிருக்கிறது, ஏனென்றால் பொருள் மேம்பட்டிருக்கிறது. ஆப்பிள் விலை ஏறினால் நாம் கொய்யாவுக்கு மாறிவிடுவோம், கூடையில் ஆப்பிள் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 1996-ல் பாஸ்கின் குழு இதை எண்ணிப் பார்த்து, அவர்களுடைய குறியீடு ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி அதிகம் காட்டுகிறது என்றது. ஆக குறியீடு பூஜ்யம் காட்டினால் நிஜத்தில் விலை சரிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது, சம்பளம். யாருடைய சம்பளத்தையும் குறைப்பது அவ்வளவு லேசு இல்லை. 5 சதவீதப் பணவீக்கத்தில் 3 சதவீதம் ஊதிய உயர்வு கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், பூஜ்யப் பணவீக்கத்தில் 2 சதவீதம் வெட்டினால் கம்பெனி வாசலில் பந்தல் போட்டுவிடுவார்கள். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கொஞ்சம் பணவீக்கம் இருந்தால் சத்தமில்லாமல் சரிக்கட்டல் நடக்கும், இல்லாவிட்டால் ஆட்குறைப்பில் போய் முடியும்.

மூன்றாவது, வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் இறக்க முடியாது. பணவீக்கம் எப்போதும் பூஜ்யத்திலேயே இருந்தால் சாதாரண நாளிலேயே வட்டி தரையை ஒட்டிக் கிடக்கும், நெருக்கடி வந்தால் இறக்குவதற்கு இடமிருக்காது. 2010-ல் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார், பணக்கார நாடுகளும் 2-ஐ விட்டு 4-க்குப் போனால் என்ன என்று கேட்டது இதனால்தான். யாரும் போகவில்லை, அது வேறு விஷயம்.

இந்தக் காரணங்கள் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். அப்படியென்றால் அவர்களுக்கு 2, நமக்கு மட்டும் ஏன் 4? இதற்கு முடிதிருத்தும் கடையை உதாரணம் சொல்லலாம். இருபது வருடத்துக்கு முன்பு ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேருக்கு முடி வெட்டினாரோ இன்றும் அவ்வளவுதான் வெட்ட முடியும். ஆனால் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி செய்யும் வேலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகியிருக்கும், சம்பளமும் ஏறியிருக்கும். முடிவெட்டுபவர் கட்டணத்தை ஏற்றாவிட்டால் அவர் பையன் தொழிற்சாலைக்குப் போய்விடுவான். வேகமாக வளரும் நாட்டில் இப்படிச் சேவைகளின் விலை இயல்பாகவே ஏறிக்கொண்டிருக்கும், அதை நெரித்துப் பிடித்து 2-க்குள் நிறுத்தினால் நெரிபடுவது வளர்ச்சி.

அந்த 2-ம்கூட ஒன்றும் வேதவாக்கு இல்லை. அது நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட கதை. 1980-களில் அங்கே பணவீக்கம் 15 சதவீதத்துக்கு மேல் எல்லாம் போயிருந்தது. 1988-ல் நிதி அமைச்சர் ரோஜர் டக்ளஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 0-லிருந்து 1 சதவீதத்துக்குள் கொண்டுவர ஆசை என்று பேச்சுவாக்கில் சொன்னார், அதையே பிடித்துக்கொண்டு அளவுப் பிழைக்கு ஒரு புள்ளி சேர்த்து 1990-ல் 0 முதல் 2 என்று ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே ஆளுநராக இருந்த டான் பிராஷ் ஒரு கதை சொல்வார். அவருடைய மாமா (அவர்கள் மொழியில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே சொல், மாமா என்றே வைத்துக்கொள்வோம்) 50 வருடம் ஆப்பிள் தோட்டம் வைத்துப் பிழைத்தவர், 1971-ல் தோட்டத்தை விற்று, 5.4 சதவீத வட்டியில் 18 வருட அரசுப் பத்திரத்தில் போட்டார், முதிர்ந்து வந்தபோது பணத்தின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவ்வளவு இறுக்கமான இலக்கைப் பிடிக்கப் போன வருடங்களில் அங்கே வேலையின்மை 11 சதவீதத்தைத் தொட்டது. பிறகு 1996-ல் 0 முதல் 3, 2002-ல் 1 முதல் 3 என்று அவர்களே தளர்த்திக்கொண்டார்கள். உலகம் மட்டும் அந்த முதல் ஒப்பந்தத்தின் 2-ஐ இறுகப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கா அதை அதிகாரபூர்வமாக அறிவித்தது 2012-ல், ஜப்பான் 2013-ல்.

இறங்கும் பாதையும் இரண்டு புள்ளி இடமும்

10-லிருந்து 4-க்கு ஒரே தாவலில் போனால் கை கால் முறியும். அதனால் குழு படி போட்டுக் கொடுத்தது: 2015 ஜனவரிக்குள் 8, 2016 ஜனவரிக்குள் 6, அதன் பிறகு 4. நடந்தது என்ன? 2015 ஜனவரியில் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது, 2016 ஜனவரியில் 5.69. இதில் ரிசர்வ் வங்கியின் கண்டிப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் ஆறே மாதத்தில் பாதியாகிப் போனதற்கும் பெரிய பங்கு உண்டு. இலக்கு முறை பிறந்த நேரம் நல்ல நேரம், அவ்வளவுதான்.

மேலே 2, கீழே 2 என்று ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டவர்கள் உண்டு. கூடையில் பாதி உணவு என்றால் கோடு குறுகலாக இருக்க முடியாது. பருவமழை ஒரு வருடம் சறுக்கினால் 1 புள்ளி அகலத்தை ஒரே மாதத்தில் தாண்டிவிடும், ஒவ்வொரு முறையும் வட்டியை ஏற்றிக்கொண்டிருந்தால் தக்காளி விளையாது, தொழில்தான் படுக்கும்.

2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இதை எல்லாம் சட்டமாக்கினார்கள். இலக்கை வைப்பது மத்திய அரசு, ரிசர்வ் வங்கியைக் கலந்துகொண்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அதை எட்டும் வழியை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு. மூன்று காலாண்டு தொடர்ந்து சராசரி 6-க்கு மேலேயோ 2-க்குக் கீழேயோ இருந்தால் தோல்வி, ஏன் தோற்றோம் என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். எண்ணைத் தேர்தலில் நிற்பவர்கள் வைக்கட்டும், வட்டியைத் தேர்தலில் நிற்காதவர்கள் வைக்கட்டும்.

அதே வருட ஜனவரியில் ராஜன் ஒரு சொற்பொழிவில், வட்டி குறைகிறதே என்று புலம்பும் ஓய்வூதியக்காரருக்குத் தோசையை வைத்துக் கணக்குச் சொன்னார். கையில் 1 லட்சம், தோசை 50 ரூபாய், ஆக 2,000 தோசைக்கான பணம். வட்டி 10, பணவீக்கமும் 10 என்றால் வருடக் கடைசியில் 1,10,000 ரூபாய், தோசை 55, மறுபடி அதே 2,000 தோசை. வட்டி 8, பணவீக்கம் 5.5 என்றால் 1,08,000 ரூபாய், தோசை 52.75, கிட்டத்தட்ட 2,047 தோசை. வட்டி குறைந்தும் தோசை கூடுகிறது. கணக்கு சரி. எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, எந்த ஓட்டலில் தோசை ஐந்தரை சதவீதம் மட்டும் ஏறுகிறது, 50 ரூபாய் தோசை நேராக 60 ஆகிறது என்றார். அவரிடம் பதிலுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எண் அடி வாங்கிய இடங்கள்

முதல் அடி கீழிருந்து வந்தது. 2017 ஜூனில் பணவீக்கம் 1.54 சதவீதம். பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாம் விலை சரிந்து கிடந்தன. நகரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வெற்றி. அதே மாதம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் விலை கேட்டுப் போராடிய விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். வாங்குபவருக்குச் செலவாக வருவது விற்பவருக்கு வரவு என்பது குறியீட்டில் தெரியாது. கிராமப்புறக் குறியீட்டில் உணவுக்கு 54 சதவீத எடை, நகரத்தில் 36, ஆனால் அந்தக் கிராமத்தில் பலர் உணவை வாங்குபவர்களாகவும் விற்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

2020 ஒரு விசித்திரம். ஊரடங்கில் ஏப்ரல், மே மாதங்களில் விலை எடுக்கப் போகும் ஊழியர்கள் வெளியே போக முடியவில்லை, எண்களை ஊகித்து நிரப்பினார்கள். அந்த இரண்டு மாதத்தையும் தொடர் அறுந்ததாக எடுத்துக்கொள்வோம் என்று பணக்கொள்கைக் குழு சொல்லிவிட்டதால், மூன்று காலாண்டுத் தொடர் உடைந்து, தோல்விக் கணக்கு எழவில்லை. 2021 மார்ச்சில் அரசு அதே 4, அதே 6, அதே 2 என்று 2026 மார்ச் 31 வரைக்கும் நீட்டித்தது.

உண்மையான தோல்வி 2022-ல். உக்ரைன் போருக்குப் பிறகு ஏப்ரலில் 7.79, முதல் மூன்று காலாண்டும் சராசரி 6-க்கு மேல். வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் மே 4-ல் வட்டியை ஏற்றினார்கள், 4 சதவீதத்திலிருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5. 2022 நவம்பரில் ரிசர்வ் வங்கி சட்டப்படி அரசுக்குக் கடிதமும் எழுதியது. அந்தக் கடிதத்தை நாம் படிக்க முடியாது, வெளியிடவில்லை. சட்டத்தில் வெளியிடச் சொல்லி இல்லை என்பது விளக்கம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 69.8 சதவீதத்தில் நின்ற நாடு அது. 2023-ல் புதிய மத்திய வங்கிச் சட்டம் போட்டு, 5 சதவீத இலக்கு, மேலும் கீழும் 2 என்று வைத்தார்கள். தவறினால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை, அது எல்லாரும் படிக்கிற மாதிரி. பிறகு பணவீக்கம் கீழ் எல்லைக்கும் கீழே போய்த் தவறியபோது அந்த அறிக்கையும் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சட்டம் நம்முடையதைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பேன். இலக்கு தவறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, காரணத்தை ஜனங்களிடம் சொல்லாமல் விடுவதுதான் நெருடுகிறது.

அப்புறம் தக்காளி. கூடையில் அதன் எடை வெறும் 0.57 சதவீதம். 2023 ஜூலையில் அதன் விலை போன வருடத்தைவிட மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றால் 200 சதவீத ஏற்றம், அதை 0.57-ஆல் பெருக்கினால் இந்த ஒரு காய் மட்டும் நாட்டின் பணவீக்கத்தில் 1 புள்ளிக்கு மேல் சேர்த்திருக்கிறது. ஜூனில் 4.87 ஆக இருந்தது ஜூலையில் 7.44. ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடவில்லை, காத்திருந்தது, இரண்டு மாதத்தில் தக்காளி தானாக இறங்கியது. சரியான முடிவுதான். ஆனால் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் அந்த ஜூலையில் சாப்பாடு 90 ரூபாயிலிருந்து 100 ஆனது, ரசமும் நீர்த்தது. செப்டம்பரில் ரசம் பழையபடி ஆகிவிட்டது, போர்டில் 100 அப்படியே இருந்தது. உணவு விலை ஏற்றம் தற்காலிகம், தானே சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு அந்த போர்டைத்தான் காட்டுவேன். காய்கறி இறங்கும், அதைச் சாக்கிட்டு ஏறிய கூலியும் சாப்பாடும் இறங்காது.

2024 ஜூலையில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, உணவை நீக்கிய பணவீக்கத்தை இலக்காக வைப்பதைப் பரிசீலிக்கலாம் என்று கிளப்பியபோது நான் எதிர்ப்பக்கம் நின்றதற்கு இதுதான் காரணம். அந்த வாதம் முட்டாள்தனமானது இல்லை, வட்டியால் தக்காளி விளையாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுச் செலவில் பெரிய பங்கை எடுத்துவிட்டு, பணவீக்கம் 3 சதவீதம்தான், சந்தோஷமாக இருங்கள் என்று ஒரு மத்திய வங்கி சொன்னால் அடுத்த நாளிலிருந்து அது சொல்வதை யார் கேட்பார்கள்?

2025-ல் காற்று மறுபடி திரும்பியது. அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம், அந்தத் தொடரிலேயே அதுதான் குறைவு. ஜூலை முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர் என்று இரண்டு காலாண்டும் சராசரி 2-க்குக் கீழே. ரெப்போ டிசம்பருக்குள் 5.25-க்கு இறங்கியது. அதற்கு முன்பே ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு நம்மிடமே கேட்டது: உணவும் எரிபொருளும் சேர்ந்த பணவீக்கமா, அவற்றை நீக்கியதா? 4 இன்னும் சரிதானா? எல்லையை மாற்றலாமா? நடு எண்ணை எடுத்துவிட்டு வெறும் வரம்பு மட்டும் வைக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு என் பதில் கூடாது என்பதுதான். 2-லிருந்து 6 வரை எங்கே இருந்தாலும் சரி என்றால், அரசியல் வசதிக்கு எப்போதும் 5.9-லேயே நின்றுகொள்ளலாம். 2021-க்குப் பிறகான சில வருடங்களில் நாம் 4-ஐவிட 6-க்குப் பக்கத்திலேயே அதிகம் இருந்தோம், நடு எண் இருந்தபோதே இந்தக் கதி.

ஆனால் இந்த நான்கு கேள்வியிலும் இல்லாத ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. கூடை மாறியது. பழைய கூடை 2011-12 குடும்பச் செலவுக் கணக்கை வைத்தது, உணவு, பானங்களுக்கு 45.86 சதவீத எடை. 2023-24 கணக்கெடுப்பில் கிராமத்திலேயே உணவுச் செலவு பாதிக்குக் கீழே போய் சுமார் 47 சதவீதமும், நகரத்தில் சுமார் 40-ம் ஆகிவிட்டது, அதனால் 2024-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த புதிய தொடரில் உணவின் எடை சுமார் 37. தேவையான வேலைதான், தாமதமாகவே நடந்தது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உணவு விலை 10 சதவீதம் ஏறினால் பழைய கூடையில் மொத்தப் பணவீக்கம் 4.6 புள்ளி ஏறும், புதிய கூடையில் 3.7. அதே வறட்சி, அதே சந்தை, 6 என்ற எல்லை மட்டும் கிட்டத்தட்ட 1 புள்ளி தள்ளிப் போயிருக்கிறது. உணவை நீக்க வேண்டும் என்றவர்கள் கேட்டதில் ஒரு பகுதி, அரசிதழில் ஒரு எண்ணையும் திருத்தாமலே கிடைத்துவிட்டது.